மாஸ் பங்க் அன்று வகுப்புக்குப் போனவள்

1

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து செல்வி போன் செய்தாள். நாங்கள் பிளஸ் டூ முடித்து இருபத்தைந்து ஆண்டு ஆகிவிட்டதாம். பள்ளியில் மலர் ஒன்று போடுகிறார்களாம். எங்கள் செட்டில் ஊரை விட்டு வெளியே போனவர்கள் எல்லோரும் 'இப்போது என்ன செய்கிறோம்' என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம்.

"ஏட்டி கோமதி, வசந்தா துபாயிலருந்து எழுதி அனுப்பிட்டா. அவ மகன் பைலட்டுக்குப் படிக்கானாம். நீ ஹைதராபாத்துல என்ன பண்ணுத?"

"காலேஜுக்குப் போறேன்."

"லெக்சரரா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"ஸ்டூடன்ட்டி. பி.காம். ரெண்டாம் வருசம்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ ஹலோ என்றேன். பிறகு மெதுவாக, "நமக்கு நாப்பத்திரெண்டு ஆகுதே" என்றாள். 'நமக்கு' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டாள் பாருங்கள், அது செல்வியின் பெரிய மனசு.

ஒரு பக்கத்துக்குள் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். வசந்தாவின் பக்கத்தில் கொஞ்சம் வெட்டி எனக்குத் தரட்டும்.

2

நாங்கள் இருப்பது குஷாய்குடாவில். இங்கே ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிறது. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதில் டெக்னீஷியன். காலை சைரனுக்குக் கிளம்பினால் அடுத்த சைரனுக்குத் திரும்புவார். இந்தத் தெருவில் கடிகாரம் இல்லாவிட்டாலும் யாருடைய சமையலும் தாமதமாகாது.

நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் சீத்தாப்பழக் காடு. இப்போது அங்கே ஏழு மாடி. ஏழு மாடியிலும் வீட்டுக்கு ஒரு சாப்ட்வேர் பிள்ளை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, விடியும்போது வேன் ஏறி ஹைடெக் சிட்டிக்குப் போகிறார்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் மகள்கூட அமீர்பேட்டையில் ஏதோ கோர்ஸ் படிக்கிறாள். ஊரே படித்துக்கொண்டிருந்தது, நான்தான் பருப்பு வறுத்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் பவானி இன்ஜினியரிங்கில் சேர்ந்த வருடம் கல்லூரியில் என்னென்னவோ விவரம் கேட்டார்கள். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். "அம்மா, நுவ்வேம் சதிவாவ்?" நீ என்ன படித்திருக்கிறாய் என்று தெலுங்கில் கேட்கிறாள். பவானிக்குத் தமிழ் நன்றாகவே புரியும். ஆனால் நான் தமிழில் கேட்டால் அவளிடமிருந்து பதில் தெலுங்கில் வரும், கோபமாக இருந்தால் இங்கிலீஷில் வரும். அவள் வாயிலிருந்து முழுதாக ஒரு தமிழ் வாக்கியம் கேட்டு எத்தனையோ வருடமாகிறது.

"பி.காம். ஒண்ணரை வருசம்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே, "அது கவுன்ட் ஆகாதும்மா" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு 'இன்டர்' என்று எழுதினாள். இங்கே பிளஸ் டூவுக்கு அதுதான் பெயர். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன். அந்த ஒன்றரை வருடம் எனக்கு அவ்வளவு முக்கியம் என்று அதுவரை எனக்கே தெரியாது.

அவள் இரண்டாம் வருடம் போனபோது நான் முதல் வருடம் சேர்ந்தேன். மல்காஜ்கிரி போகும் வழியில் ஒரு தனியார் டிகிரி காலேஜ். மூன்று மாடி. கீழே செராக்ஸ் கடை, எதிரே டிபன் சென்டர். காலையில் வகுப்பு, மதியம் இரண்டு மணிக்கு வீடு. சேர்த்துக்கொள்ளத் தயார்தான், ஆனால் கேப் சர்டிபிகேட் வேண்டும் என்றார் ஆபீஸ் கிளார்க். பிளஸ் டூவுக்கும் இப்போதைக்கும் நடுவில் எங்கே போயிருந்தேன் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதித் தரவேண்டும். ஒரு வருடம், இரண்டு வருடம் விட்டுப்போன பிள்ளைகளுக்கான ஏற்பாடு அது.

நோட்டரி வாசலில் டைப் அடிக்கிறவரிடம் ஒரே ஒரு மாதிரிதான் இருந்தது. 'உடல்நலக் குறைவு காரணமாகப் படிப்பைத் தொடர இயலவில்லை.'

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. கல்யாணம் ஆச்சு" என்றேன் எனக்குத் தெரிந்த தெலுங்கில்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடித்து முடித்துவிட்டார். ஆக, முத்திரைத்தாள் கணக்கில் நான் இருபத்திரண்டு வருடம் நோயாளி. என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "பார்த்தா அப்படித் தெரியலியே" என்றார்.

3

ஒவ்வொரு ஜூனிலும் காலேஜ் வாசலில் வாட்ச்மேன் மாறுவார். புதிதாக வருகிறவர் என்னைக் கை காட்டி நிறுத்துவார். "பேரண்ட்ஸ் மீட்டிங் ஆஜ் நை ஹை மேடம்." இன்றைக்குப் பெற்றோர் கூட்டம் இல்லையாம். நான் ஸ்டூடன்ட் என்றதும் "ஹவ்?" என்று என்னை மேலும் கீழும் பார்ப்பார். அப்படியா என்று அர்த்தம். இரண்டாவது வாரத்திலிருந்து சல்யூட் வைப்பார். இந்த வருடத்து வாட்ச்மேன் எனக்கு வருகிற கூரியரைக்கூட வாங்கி வைக்கிறார்.

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்று குட் மார்னிங் மேடம் பாடினார்கள். நான் நேரே போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்ததும் நின்றவர்களுக்கு உட்காருவதா வேண்டாமா என்று தெரியவில்லை. என் பக்கத்தில் இருந்த ஆயிஷாதான் முதலில் சிரித்தாள். மல்காஜ்கிரிப் பெண், பேசுவதெல்லாம் ஹைதராபாத் உருது. நான் பேசுவது கோவில்பட்டித் தமிழில் ஊறவைத்த தெலுங்கு. எங்களுக்குள் எப்படிப் பேச்சு நடந்தது என்று கேட்காதீர்கள், நடந்தது.

ஒரு மாதத்தில் 'மேடம்' போய் 'ஆன்ட்டி' வந்தது. அதற்குக் காரணம் என் டிபன் பாக்ஸ். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோன அன்று ஆயிஷா ஒரு கை எடுத்தாள். அப்புறம் ஸ்வப்னா வந்தாள். அவள்தான் கிளாஸ் லீடர், வாய் அதிகம், கை அதைவிட அதிகம். மறுநாளிலிருந்து மூன்றடுக்கு கேரியர் கொண்டுபோனேன். பதினோரு மணி பிரேக்கில் திறந்தால் மூடும்போது கறிவேப்பிலைகூட மிஞ்சாது. எனக்கு அதில் பரம சந்தோஷம். பவானி வீட்டில் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் கேன்டீனில் தின்றுகொள்கிறேன் என்று தெலுங்கில் சொல்கிறவள்.

பாடம் இங்கிலீஷில், விளக்கம் தெலுங்கில், என் மண்டைக்குள் ஓடுவது தமிழில். சார் டெபிட் என்றால் நான் பற்று என்று மனசுக்குள் சொல்லி, கிரெடிட் என்றால் வரவு என்று சொல்லி, அதற்குள் அவர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். அக்கவுன்ட்ஸ் சார் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். கேள்வி கேட்கும்போது என்னை மட்டும் 'அம்மா' என்பார். தப்பாகச் சொன்னால் திட்டுவதா வேண்டாமா என்று அவருக்குக் குழப்பம். திட்டாமலே விட்டுவிடுவார், அதுதான் எனக்குக் குறை.

பவானி என் படிப்பைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. ஒருநாள் அவள் தோழியிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. "அம்ம கம்ப்யூட்டர் கோர்ஸ்கி வெள்ளிந்தி." அம்மா கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் போயிருக்கிறாளாம். கம்ப்யூட்டர் கோர்ஸ் என்றால் இந்த ஊரில் எந்த வயதுக்கும் கௌரவம். எதிர்வீட்டு ரிட்டயர்டு தாத்தா எக்செல் கற்கிறார், தெருவே பாராட்டுகிறது. நாற்பது தாண்டியவள் நோட்டும் கையுமாக டிகிரி காலேஜ் போனால்தான் பெற்ற பெண்ணுக்குச் சொல்ல வாய் வருவதில்லை. நான் கேட்காத மாதிரி மிக்ஸியைப் போட்டேன்.

4

செல்வி, உனக்கு நம்ம காலேஜ் ஞாபகமிருக்கும். பெண்கள் எல்லாம் வலது பக்கம், ஆண்கள் இடது பக்கம், நடுவில் கிரிக்கெட் ஆடலாம் போல இடம். ஒன்றரை வருடத்தில் நான் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. ஒழுக்கம் என்று நினைக்காதே. வீட்டில் இருந்தால் யாராவது பெண் பார்க்க வந்துவிடுவார்களோ என்று பயம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் கிடையாதே, என்ன செய்ய?

இரண்டாம் வருடம் பாதியில் ரயில் ஏறினேன். பரீட்சைக்கு வந்து எழுதிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்து எழுதவில்லை. அதில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், ஊரும் பிடித்துப்போனது. ஆனால் இரண்டாம் வருடம் என்றால் எனக்கு ஒரு திகில். என் படிப்பு நின்றுபோன இடம் அது. இந்த முறை முதல் வருடம் பாஸாகி இரண்டாம் வருடத்துக்குள் கால் வைத்தபோது, அந்த இடத்தைத் தாண்டினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

5

தீபாவளிக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை ஸ்வப்னா வகுப்பில் எழுந்து நின்று அறிவித்தாள். நாளைக்குப் பெரிய ஹீரோவின் படம் ரிலீஸ். ஆகவே மாஸ் பங்க், அதாவது கூட்டமாகக் கட் அடிப்பது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இந்த இடத்தில் என் புத்தி வேலை செய்த விதத்தை எழுதியாகவேண்டும். மாஸ் பங்க் என்றால் விருப்பமுள்ளவர்கள் சினிமாவுக்குப் போகலாம், விருப்பமில்லாதவர்கள் வகுப்புக்கு வரலாம் என்று நினைத்துக்கொண்டேன். நம்ம ஊரில் கடையடைப்பு அன்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து வியாபாரம் பார்ப்பார்களே, அந்த மாதிரி. எனக்குச் சினிமா வேண்டாம், படிப்பு வேண்டும். மறுநாள் காலை எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு ஒன்பதரைக்கு இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கவுன்ட்ஸ் சார் வந்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"வந்திருக்கீங்களா அம்மா! அப்ப கிளாஸ் உண்டு" என்றார் தெலுங்கில்.

அன்றைக்கு இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் அவருடையது. கூட்டு வியாபாரத்தில் ஒரு கூட்டாளி விலகினால் கணக்கை எப்படி நேர் செய்வது என்ற அத்தியாயத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எனக்கு ஒருத்திக்கு நடத்தினார். நான் சந்தேகம் கேட்டேன், அவர் கரும்பலகையில் மறுபடி போட்டுக் காட்டினார். இரண்டு முறை தப்பு செய்து திட்டும் வாங்கினேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வகுப்பு அமைந்ததில்லை. முடிந்ததும் அவர் வருகைப் பதிவை எடுத்து என்னைத் தவிர எல்லோருக்கும் ஆப்சென்ட் போட்டார். "அத்தியாயம் முடிஞ்சது. திங்கக்கிழமை டெஸ்ட். மார்க்கு இன்டர்னல்ல சேரும்" என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் சாக்பீஸ் தூசியைத் துடைத்தார்.

திங்கட்கிழமை எனக்கு விஷயம் புரிந்தது. ஒரு ஆள்கூட வகுப்பில் இல்லாவிட்டால் சார் வகுப்பு நடத்த முடியாது. நடத்தாத வகுப்புக்கு யாருக்கும் ஆப்சென்ட் கிடையாது. ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் வகுப்பு நடந்ததாகக் கணக்கு. ஹைதராபாத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியுமாம். வகுப்பில் பாதிப் பேருக்கு டெஸ்டில் முட்டை.

"கைக்கு ஆயே ஆன்ட்டி?" என்றாள் ஆயிஷா. ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை, அழுகைதான் வந்தது. அவள் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

6

மறுநாளிலிருந்து நான் மறுபடி 'மேடம்' ஆனேன்.

நம்ம ஊரில் கோபம் வந்தால் மரியாதை போகும். இந்தப் பிள்ளைகள் மரியாதையைக் கொடுத்தே என்னைத் தள்ளி வைத்தார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். நகர்ந்து இடம் விடுவார்கள், பேனா கீழே விழுந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த அத்தியாயத்தை நானே சொல்லித் தருகிறேன் என்று ஸ்வப்னாவிடம் போனேன். "பர்வாலேது மேடம்" என்று புன்னகை செய்தாள். பரவாயில்லையாம். கேரியரைத் திறந்து ஆயிஷா பக்கம் நகர்த்தினேன். "நக்கோ மேடம்." வேண்டாமாம். அதுவும் வெண்டைக்காய் வறுவல், அவளுக்கு உயிர்.

மூன்றடுக்கும் அப்படியே வீட்டுக்கு வந்தது. ஒருநாள் இல்லை, வாரக்கணக்கில். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும் என் வீட்டுக்காரர் அதைத் திறந்து, நின்ற இடத்திலேயே சாப்பிட்டு, "இப்பல்லாம் காலேஜ்லருந்து நல்ல டிபன் வருது" என்றார். அவருக்கு நான் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. கம்பெனி பஸ்ஸில் அவர் எல்லோரிடமும், 'எங்க வீட்டுல ரெண்டு வருசமா ஒரு நாள் லீவு போடல, உங்க வீட்டுப் பையன்க இப்படி இருப்பானுகளா' என்று அளந்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலேஜில் நான் வேடிக்கைப் பொருளாக இருந்தபோதுகூட எனக்கு வலிக்கவில்லை. மேடமாக இருப்பது வலித்தது. இந்த வயதில் நான் எதற்கு ஆசைப்பட்டேன்? டிகிரிக்கு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். டிகிரி வேண்டுமானால் தபாலில் படித்திருக்கலாமே. எனக்கு அந்த பெஞ்ச் வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒருத்தி என் நோட்டைப் பார்த்து எழுதவேண்டும், பின்னாலிருந்து ஒருத்தி என் ஜடையை இழுக்கவேண்டும். பத்தொன்பது வயதில் ரயிலேறும்போது நான் விட்டுவந்தது அதைத்தான்.

"நான் நின்னுக்கிடுறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். "அன்னைக்கு நான் கூட்டிட்டு வந்தேன், நின்ன. சரி. இப்ப யாரு உன்னக் கூட்டிட்டுப் போறா?"

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கட்டிலில் படுத்துச் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்த பவானியிடம் அப்புறமாகப் போய் முழுக் கதையையும் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாஸ் பங்க் அன்னைக்குப் போனியா? அம்மா!" என்று இங்கிலீஷில் கேட்டு இரண்டு முறை ஓ மை காட் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தெலுங்கில் தீர்ப்பு சொன்னாள். "ஒக்கசாரி பங்க் கொட்டம்மா. அயிபோத்தி." ஒரே ஒரு தரம் பங்க் அடி, எல்லாம் சரியாகிவிடும்.

பெற்ற மகளே இப்படிச் சொல்லலாமா என்று திட்டிவிட்டு வந்தேன். ஆனால் யோசித்தேன்.

7

அடுத்த பெரிய படம் சங்கராந்தி சமயத்தில் வந்தது. ரிலீசுக்கு முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது கிசுகிசுப்பு சட்டென்று நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. நேரே ஸ்வப்னாவின் பெஞ்சுக்குப் போனேன்.

"நாளைக்கு நான் வரமாட்டேன்" என்றேன்.

"ஜுரமா மேடம்?"

"இல்ல. பங்க்."

அவள் ஆயிஷாவைப் பார்த்தாள், ஆயிஷா என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் கேரியர் கட்டினேன். வீட்டில் இருந்தால் என் வீட்டுக்காரர் என்ன ஏது என்று கேட்பார், அவருக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். ஆகவே கிளம்பி, வழக்கமான பஸ்ஸில் ஏறி, வழக்கமான ஸ்டாப்பில் இறங்கி, வழக்கம்போல் காலேஜ் வாசலில் போய் நின்றேன். பங்க் அடிக்கிறவர்கள் வேறு எங்காவது போகவேண்டும் என்பது எனக்கு அங்கே நின்ற பிறகுதான் உறைத்தது. வாட்ச்மேன் சல்யூட் வைத்தார். எதிரே டிபன் சென்டருக்குள் எங்கள் வகுப்பு முழுவதும் ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவராக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகிறேனா என்று வேவு பார்க்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து அக்கவுன்ட்ஸ் சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் அதே சந்தோஷம் அவர் முகத்தில்.

"வாங்கம்மா! யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன். நீங்களாவது இருக்கீங்களே. வாங்க, புது அத்தியாயம் ஆரம்பிக்கலாம்."

என் கால் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது. ஆசிரியர் கூப்பிட்டால் போகிற கால் அது. எதிர்ப்பக்கம் ஸ்வப்னா நெற்றியில் அடித்துக்கொள்வது தெரிந்தது. கைகளைக் கூப்பிக்கொண்டு, தெரிந்த தெலுங்கையெல்லாம் திரட்டிக் கேட்டேன்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னைக்கு நான் பங்க் அடிச்சுக்கலாமா?"

சார் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். காது சரியாகத்தான் கேட்டதா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு டிபன் சென்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அத்தனை தலையும் ஒரே நேரத்தில் மேஜைக்கு அடியில் போனது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட பர்மிஷன் கேட்டு பங்க் அடிக்கற மொத ஸ்டூடன்ட் நீங்கதாம்மா" என்றார். "போங்க. நான் இன்னைக்கு யாரையும் பார்க்கல."

அவர் உள்ளே போனதுதான் தாமதம், டிபன் சென்டரிலிருந்து கூச்சல் கிளம்பியது. ஆயிஷா ரோட்டைக் கூடப் பார்க்காமல் ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஸ்வப்னா என் கையிலிருந்து கேரியரைப் பிடுங்கினாள். "ஆன்ட்டி! பர்மிஷனா? சார்கிட்ட பர்மிஷனா கேட்டீங்க, ஆன்ட்டி?" அவள் சிரித்ததில் எனக்கு 'ஆன்ட்டி' மட்டும்தான் காதில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

8

செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி. நடு வரிசையில் நான், இரண்டு பக்கமும் என் வகுப்பு. படம் என்னவோ கத்தலும் வெட்டும்தான். ஹீரோ வரும்போதெல்லாம் பேப்பரைக் கிழித்துப் போட்டார்கள். ஆயிஷா என் கையிலும் ஒரு கத்தை கொடுத்தாள், நானும் போட்டேன். கேரியர் இருட்டில் வரிசையாகப் போய்க் காலியாகத் திரும்பி வந்தது.

இடைவேளையில் சமோசா வாங்கப் போனோம். வெங்காயம் வைத்த குட்டி சமோசா, இந்த ஊரின் தனி ருசி. வரிசையில் எனக்கு இரண்டு ஆள் தள்ளி ஒரு நீலச் சுடிதார் நின்றது. அந்தச் சுடிதாரை நேற்றுத்தான் நான் இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கினேன்.

பவானி திரும்பினாள்.

இன்ஜினியரிங் காலேஜ் அங்கிருந்து இருபது கிலோமீட்டராவது இருக்கும். காலையில் லேப் இருக்கிறதென்று பரபரத்துக்கொண்டு போனவள். அவளைச் சுற்றி அவள் தோழிகள், என்னைச் சுற்றி என் தோழிகள். திட்டலாம் என்றால் நான் எந்த முகத்தோடு திட்டுவது? என் தலைமுடியில் வண்ணப் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் தோழி ஒருத்தி அவள் தோளை இடித்தாள். "எவரே ஆ ஆன்ட்டி? நின்னே சூஸ்துந்தி." யாரடி அந்த ஆன்ட்டி, உன்னையே பார்க்கிறாள் என்று கேட்டாள்.

பவானி என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற ஆயிஷாவையும், காலிக் கேரியரைத் தூக்கிப் பிடித்திருந்த ஸ்வப்னாவையும் பார்த்தாள். யாரோ தெரியாதவர் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தாலும் நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"மா அம்ம" என்றாள், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி. "பி.காம். செகண்ட் இயர். பங்க் கொட்டி வச்சிந்தி." எங்கள் அம்மா, பங்க் அடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்கிறாள்.

அவள் தோழிகள் ஓவென்று கத்தினார்கள். எங்கள் செட்டும் கத்தியது. யாரோ எனக்குக் கை கொடுத்தார்கள். அந்தச் சத்தத்தில் பவானி என் பக்கத்தில் வந்து, தலைமுடியிலிருந்த பேப்பரை எடுத்துவிட்டு, யாருக்கும் புரிந்துவிடக் கூடாதே என்று என் காதோடு தமிழில் சொன்னாள்.

"அம்மா, அப்பாட்ட சொல்லிராத."

சுத்தமான கோவில்பட்டித் தமிழ். ஓர் எழுத்து பிசகவில்லை. இத்தனை வருடம் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

"நீயும் சொல்லிராத" என்றேன்.

9

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் சமையலறைக்குப் போய்க் கேரியரைத் திறந்தார். மூன்றடுக்கும் காலி. கவிழ்த்துப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒண்ணுமே மிஞ்சலியா?"

"புள்ளைக சாப்பிட்டுருச்சு" என்றேன். பவானி சட்டென்று புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டாள். அவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் மறுநாள் கம்பெனி பஸ்ஸில், 'எங்க வீட்டுல ஒரு நாள் லீவு கெடையாது' என்று பழைய பாட்டையே பாடியிருக்கிறார்.

செல்வி, அடுத்த மாதம் நான் மூன்றாம் வருடம் போகிறேன். நின்றுபோன இடத்தைத் தாண்டிவிட்டேன். நான் வெளியூர் போகாதவள், எனக்கென்ன படிப்பு என்று நீ நினைக்காதே, உங்கள் தெருவிலிருந்து காலேஜுக்கு இன்றும் மினிபஸ் ஓடுகிறது என்று கேள்வி.

மலர் இந்த மாதமே அச்சாகிவிடும் என்றாயே, அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. வீட்டு விலாசத்துக்கு மட்டும் வேண்டாம், அவர் ஒரு வரி விடாமல் படிக்கிறவர். காலேஜுக்கே அனுப்பு. உறைமேல் கோமதி, பி.காம்., இரண்டாம் ஆண்டு என்று எழுதினால் போதும். வாசலில் வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும்.